என் ரத்தத்தில் வால் நட்சத்திரம்

அன்புள்ள வியாகுலம்,

நீயும் நம் வயிற்றுப்பிள்ளைக்காரி மகள் லின்சியும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். நேற்றுப் போனில், "என் அழுக்குத் துணி மூட்டையை லின்சி தொட வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தை, இரவுப் பள்ளியில் கற்ற எழுத்தில் நானே எழுதுகிறேன், பார்!

பாலக்கரையில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்து, ஆராய்ச்சிக்காக என் ரத்தம் எடுத்த ஸ்ரீரங்கத்துப் பெண் தேவதர்ஷினி, என்னைத் தன் கல்லூரிக்கு அழைத்து அதைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். கறுப்புத் திரையில் பச்சை உருண்டைகள். சிலவற்றுக்கு வால் நட்சத்திரம் போல நீள வால்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சிரிக்காதீங்க தாத்தா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏ நூல் மாதிரி இருக்கு. ஈயம் அதை அறுத்துடுது. அறுந்த நூல்தான் வாலா தெரியுது. உடம்பு அதை ஒட்டவைக்கப் பார்த்தாலும் ஈயம் விடாது."

"இந்த வயசுல வால் முளைச்சா முளைக்கட்டும்மா."

"வேலைத் துணியை யார் துவைக்கிறாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது, வியாகுலம். துணியில் ஒட்டிய ஈயத்தூசு வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகுமாம். மூட்டையைப் பாலிதீன் பையில் கட்டி வை. ஆஸ்பத்திரியில் லின்சிக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல். பயப்படாதே, பார்த்து வைப்பது நல்லது.

முதலாளி என்னை ஈய உலையிலிருந்து தன் பேட்டரிக் கடைக்கு மாற்றிவிட்டார். துணியும் இனி இங்கேயே துவைக்கிறேன். ஊருக்கு வந்து திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை.

கடையில் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை குளித்து, வேறு சட்டை போட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவேன். லின்சி வழக்கம்போல் ஓடிவந்து என் பையை வாங்கட்டும், தடுக்காதே.

உன்
தைரியராஜ்