சில்வர் ஓக் மரத்தில் சுற்றிய கேபிள்

ஜனவரி 19, திங்கள்
விடிய விடியப் பனிமூட்டம். துவைத்த விரிப்பு எதுவும் காயவில்லை. அத்தைக்கு ராத்திரி இரண்டு தடவை படுக்கை மாற்றினேன். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, படுக்கையில் விழுந்த அத்தையைப் பார்த்துக்கொள்ள இந்த மலைக்கு வந்து இது இரண்டாவது தை. வீட்டுக்காரர் சேலத்திலிருந்து சனிக்கிழமைதான் வருவார்.

காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் ஹாம் ரேடியோ, என் பொழுதுபோக்கு வயர்லெஸ். மதுரை, நாகர்கோவில், மைசூர்க் குரல்கள். அந்த நேரத்தில் மட்டும் யாரும் என்னிடம் எதையும் எடுத்து வரச் சொல்வதில்லை.

இன்று அதற்கும் ஒரு தடை வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா வேலியோரம். "ஏனுங்க டீச்சர், நீங்க பேசறப்பெல்லாம் எங்க ஊட்டு டிவி கொர்ருங்குது." அவர் கணவர் ராமசாமி அண்ணனால் நியூஸ் கேட்க முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கம்பியை இறக்கிவிடச் சொல்கிறாராம். ஆன்டெனா தொங்கும் மரம் அவர்களுடையது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்.

ஜன. 20, செவ்வாய்
பேசும்போது, ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்தேன். ரேடியோவின் மீட்டர் முள் நகர்ந்தது. சந்தேகமில்லை. அலை ஆன்டெனாவோடு நிற்காமல் கேபிளின் வெளியுறை வழியாகவே இறங்கி வருகிறது. வழியில் அவர்கள் டிவி.

தடுக்க ஒரு சோக், அதாவது சுருள், வேண்டும். அதற்கென்றே விற்கும் ஃபெரைட் காந்த வளையம் வாங்கலாம், ஆனால் கூரியர் மலை அடிவாரத்தோடு சரி. பழைய பிவிசி குழாய்த் துண்டில் கேபிளையே நெருக்கிச் சுற்றினேன். விரல் நுனியெல்லாம் எரிச்சல். ராமசாமி அண்ணன்தான் மரம் ஏறி உச்சியில் கட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்க: டேப், அத்தை மாத்திரை, ரவை.

ஜன. 22, வியாழன்
நான் பேச, அக்கா வேலியில் நின்று, "சத்தமில்லீங்க." மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3, நல்ல அளவுதான். மத்தியானம் கொஞ்சம் தூங்கினேன்.

ஜன. 24, சனி
மறுபடி கொர்.

வந்ததும் வராததுமாக வீட்டுக்காரர், செல்போன் இருக்க இதெல்லாம் எதற்கு, கழற்றிவிடேன் என்றார். மரத்தடிக்குப் போனேன். மேலே சுருளைக் காணோம். குழாய்த் துண்டு கொடியடியில். மிச்சக் கேபிள் தரையில்.

ராமசாமி அண்ணன் நேற்று மிளகு பறிக்க ஏறியபோது அவிழ்த்திருக்கிறார். "சுருட்டிக் கெடந்துச்சுங்க. நீட்டி உட்டா இன்னும் தூரத்துக்குப் பேசுவீங்களேன்னுதான்."

கோபப்படக்கூடத் தெம்பில்லை. சுருட்டி வைத்ததே உங்கள் டிவிக்காகத்தான் என்றேன். தலையைச் சொறிந்தார். பிறகு குழாயை அவர் திருப்ப, நான் கேபிளை இழுத்துப் பிடிக்க, மறுபடி சுற்றினோம். இருட்டுவதற்குள் கட்டிவிட்டு இறங்கினார். செல்லம்மா அக்கா கீழே நின்று, ஊரே பறித்து முடித்த பிறகும் இவருக்கு மரம் ஏற ஒரு சாக்கு என்றார்.

ஜன. 25, ஞாயிறு
மூட்டம். ஏழு மணிக்குப் பேசினேன். மைசூர்க்காரர் இன்று சிக்னல் சுத்தமாக இருக்கிறது என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்பாடா.

ஏழரைக்கு வீட்டுக்காரர் இன்னும் தூக்கம். தலையில் துண்டோடு அக்கா வாசலில். டிவி நன்றாகத்தான் ஓடுகிறதாம்.

"கொர்ருன்னா, சரி, டீச்சர் எந்திரிச்சாச்சுன்னு நெனைச்சுக்குவேன். இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. பெரியம்மாவுக்கு ஏதாச்சுமான்னு வந்துட்டேன்."

ஒன்றுமில்லை அக்கா என்றேன். அவர் போகவில்லை. உள்ளே வந்து அத்தையின் அந்தப் பக்கத் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விரிப்பை உருவினேன்.