சாய்ப்புக்குத் தகரம் வேண்டாங்க

ஏனுங்க,

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போறேன். குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்கோங்க.

ஆசாரி வந்தா, முன்வாசல் சாய்ப்புக்குத் தகரம் வேண்டாம்னு சொல்லிருங்க. சட்டத்து மேல பலகை அடிச்சு, அதுக்கு மேல ஓடு போடட்டும். கீழ நின்னு பாத்தாலும் பலகைதான் அழகா இருக்கும்.

தகரம்னதும் ஏன் அத்தனை கோவம்னு நேத்துக் கேட்டீங்க. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன்.

தேன்மொழி

இதையும் எழுதிடறேன். உங்க தம்பி சேகரன் மிளகுக்கொடி படர்ந்த மரத்துல இருந்து விழுந்த அன்னிக்கு, நம்மூட்டுத் தகரத்து மேல மழை கொட்டுச்சு. அதுக்குள்ள "அண்ணி"ன்னு ஒரு சத்தம் எனக்குக் கேட்டுதுங்க. மழைதான்னு இருந்துட்டேன். மழை விட்டு நீங்க போய்ப் பாத்தப்ப அவருக்கு உசுரு இல்லை.

இப்பவும் மழை பேஞ்சா அந்தச் சத்தம் கேக்குது. நான் வந்ததும் திட்டுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க.