கவுன்சிலரை ஏரியில் விடமாட்டேன்

கடத்தூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள ஃபைஸ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், அம்மா நலம், உன் கவுன்சிலரும் நலம். அப்பாவும் நலம்தான், ஆனால் அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சே கிடையாது. உங்கள் நீட் கோச்சிங் ஹாஸ்டலில் போனைப் பிடுங்கிக்கொண்டு, கடிதத்தையும் பிரித்துப் படித்துத்தான் தருவார்களாம். வார்டன் சார், வணக்கம். இது மீன் சம்பந்தப்பட்ட குடும்பப் பிரச்சினை. படித்ததும் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

உன் டெஸ்ட் மார்க் அப்பாவின் போனுக்கு வந்தது. துணிக்கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார், உன் கண்ணாடித் தொட்டியை முறைத்தார். "இதப் பாத்துப் பாத்துத்தான் அவன் புத்தி தண்ணியில போச்சு. இனிமே இது வூட்ல இருக்கக் கூடாது" என்றார். நீ போய் ஆறு மாதமாகிறது, இங்கே இருக்கிற மீன் அங்கே எப்படி மார்க்கைக் குறைக்கும் என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலை வார்டன் சார் படிக்க வேண்டாம்.

தொட்டியையும் குட்டி மீன்களையும் கடையில் வேலை செய்யும் வீரமணி அண்ணன் எடுத்துக்கொண்டார். கவுன்சிலரை மட்டும் வேண்டாம் என்றார். "பாப்பா, எங்க வூட்ல நாங்களே சுருண்டு படுக்கறோம், இவரு நீட்டிப் படுப்பாரு போல." நியாயம்தான். தர்மபுரியில் பாசி மேயும் டேங்க் கிளீனர் என்று வாங்கியபோது விரல் நீளம், இப்போது என் முழங்கை வரைக்கும் வருகிறது. வாயால் ஒட்டின இடத்தை விடாது, நாள் முழுக்கத் தின்னும். சும்மாவா கவுன்சிலர் என்று பேர் வைத்தோம்.

அப்பா ஏரியில் விடுவது என்று முடிவு செய்தார். வாயில்லா ஜீவன், போய்ப் பிழைக்கட்டும், நமக்கும் நன்மை சேரும் என்றார். அதற்கு இருப்பதே வாய்தானே அப்பா என்றேன். பிறகு கிண்டலை விட்டுவிட்டு, நீ எனக்குச் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். இது அமேசான் பக்கத்துக் கெளுத்தி, செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு. தண்ணீர் கெட்டுப்போனால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு வாங்கும். கரையைக் குடைந்து முட்டை வைக்கும், ஆண்மீன் வாசலில் காவல் இருக்கும். அந்த ஊரில் இதன் சொந்தக்காரக் கெளுத்திகளே ஆயிரம் வகைக்கு மேல் இருக்கின்றன, இதைத் தின்ன நீர்நாயும் இருக்கிறது. நம் ஏரியில் யார் இருக்கிறார்கள்? கொக்கு விழுங்கினால் முள் தொண்டையில் நிற்கும்.

"ஒத்த மீனு என்ன குடும்பமா நடத்தப்போவுது?" என்றார். இப்படியே நாலு வீட்டில் நாலு அப்பா நினைத்தால் அங்கே கல்யாணமே நடக்கும் என்றேன். அவர் வாளியை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாளியோடு மொபெட்டில் கிளம்பினார். நான் சைக்கிளில் குறுக்குச் சந்து வழியாக அழுத்தினேன். அப்பாதான் சலாம் சொல்கிற எல்லோரிடமும் நின்று பேசுவாரே, நான் முதலில் போய்விட்டேன். ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கும் தீர்த்தகிரி அண்ணன் கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். வலை கிழியும், மற்ற மீன்களின் முட்டை போகும், கரை பொந்தாகும் என்று சொன்னேன். ஷாக் அடிக்கும் என்றும் சொன்னேன். அது மட்டும் பொய். ஷாக் அடிப்பது ஆப்பிரிக்காவில் இருக்கும் வேறு கெளுத்தி என்று எனக்குத் தெரியும்.

அப்பா வந்து இறங்கினார். தீர்த்தகிரி அண்ணன் மூங்கில் கழியோடு குறுக்கே நின்றார். "வாயில்லா ஜீவன் தீர்த்தகிரி, பொழைச்சிட்டுப் போவட்டும்" என்றார் அப்பா.

"வுடுங்க பாய். நாளைக்கு உங்க துணிக்கடைல நான் ஒரு ஜோடி எலி வுடறேன். அதுவும் வாயில்லா ஜீவன்தானுங்க."

எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. திட்டவில்லை. வாளியை மறுபடியும் மொபெட்டில் வைத்து, வழியில் யாருக்கும் சலாம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். அதற்கு மட்டும் எனக்கு வருத்தம். மற்றதற்கு இல்லை. மறுபடி வாளியை எடுத்தால் மறுபடியும் போவேன்.

கவுன்சிலர் இப்போது கொல்லைப்புறத்து நீல டிரம்மில் இருக்கிறார். அம்மா வெள்ளரிக்காய்த் துண்டு போடுகிறார்கள். எனக்குக் கேட்கிற மாதிரி அம்மாவிடம் அப்பா சொன்னது: "ஞாயித்துக்கிழமை அவனப் பாத்துட்டு வந்து இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்."

கேட்டுக்கொள் அண்ணா. போன தடவை என்ன படிக்கப்போகிறாய் என்று அப்பா கேட்டபோது செருப்பைப் பார்த்துக்கொண்டு டாக்டர் என்று முனகினாய். மீன்வளக் கல்லூரி என்று என்னிடம் மட்டும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். எனக்கு எதற்கு அது? நானா ஃபீஸ் கட்டப்போகிறேன்? ஊரே பார்க்க நான் அவரை ஏரிக்கரையில் நிறுத்தினேன். இடிந்துபோய்விடவில்லை, ராத்திரி நாலு தோசை சாப்பிட்டார். நீயும் ஒரு தடவை நிறுத்து. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. இன்று காலை கடைக்குப் போகும் முன் அப்பா டிரம் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். "வெயில் பட்டா இதோட கண்ணு ஏன் பாதி மூடிக்குது?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறை. பதிலை உனக்கு விட்டுவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உட்கார்ந்ததும், மார்க் பேச்சை எடுக்கும் முன் நீ அந்தக் கண்ணிலிருந்து ஆரம்பி. நிறுத்தாமல் பேசு. கல்லூரி வரைக்கும் பேசு.

அல்லாஹ் எனக்குக் கொடுத்த திமிரில் பாதியை அன்றைக்கு மட்டும் உனக்குக் கொடுக்கட்டும்.

உன் தங்கை,
ஆஷிகா