வந்தவர் திரும்பிப் போகும் பக்கம்

9 ஜூன் 2024, ஞாயிறு

சொல் பிறக்குமுன் இருந்தவரே, சொல் ஓய்ந்தபின்னும் இருப்பவரே, இக்குறிப்பையும் இதை எழுதும் கையையும் காத்தருளும்.

மரணப் படுக்கையில் இருப்போருக்கான செபத்தை இணையத்தில் ஏற்றிச் சில ஆண்டுகள் ஆகின்றன. குருவானவர் வந்து சேரும்வரை வீட்டார் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லட்டும் என்பதே என் எண்ணம். தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த பக்கம், இப்போது எங்கோ கீழே கிடக்கிறது. ஏன்?

10 ஜூன்

புதுச்சேரியில் இணையதளம் அமைக்கும் நிறுவனமொன்றில் பணிபுரியும் மகள் ஜாய்ஸிடம் கேட்டேன்.

“தொறக்கறவங்க ஒடனே திரும்பிப் போயி வேற ஒண்ண தொறக்கறாங்கப்பா. அதே மாதிரி நெறைய பேர் பண்ணா, இதுல ஒண்ணும் இல்ல போலன்னு சர்ச் எஞ்சின் கீழ தள்ளிடும். எப்படி கணக்கு போடுதுன்னு எவனும் முழுசா சொல்ல மாட்டான். ஆபீஸ்ல அப்படித்தான் பேசிக்கறாங்க. செபத்துக்கு மேல நீ எழுதுன பன்னெண்டு வெண்பா வெச்சிருக்கியே, மொதல்ல அத எடு.”

இறைவணக்கம் இன்றி நூல் தொடங்குவதா என்றேன்.

“நூலாப்பா அது?”

வெண்பாக்களை எடுக்கவிடவில்லை. மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

16 ஜூன்

தெருவார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், எல்லோரையும் அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்து, செபமாலை முடியும்வரை மூடாதிருக்கச் சொன்னேன்.

“ஐயா, போனு சூடாவுது. இன்னிக்கு இன்னா, போனுக்கா வேண்டிக்கறோம்?” என்றான் பாக்யராஜ்.

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன் — வெட்கத்தை மறைக்க.

19 ஜூன்

பக்கம் ஏறவில்லை. இன்னும் இறங்கியிருக்கிறது.

23 ஜூன்

செலியமேட்டில் பவுல்ராஜின் அடக்கம். கோயில் பாடற்குழுவில் என்னருகே நின்று பாடியவர். அவர் மருமகள் ஆரோக்கியசெல்வி என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்:

“ஐயாவோட பக்கமாச்சேன்னு தேடிப் புடிச்சித் தொறந்தன். தள்ளத் தள்ள பாட்டாவே வந்துச்சி. மாமாவுக்கு மூச்சி இழுக்குது. வேற எதையோ தொறந்து படிச்சிட்டன். அது ஒடம்பு கொணமாவறதுக்கான செபமாம், அப்புறந்தான் சொன்னாங்க. கோச்சிக்காதீங்க ஐயா.”

கோபமா? அவள்மீதா? தளை பிசகாத வெண்பாவாம் — பன்னெண்டு. எவன் கேட்டான்? சாவக் கெடந்த மனுசன் காதுல ஒரு வரி போய்ச் சேரலியே. பொழைச்சி எழுந்துருன்னு கேட்டுக்கினே போனாரே—

24 ஜூன்

ஜாய்ஸிடம் வெண்பாக்களை எடுத்துவிடச் சொன்னேன்.

“அடியிலயாவது வெக்கட்டுமா? பாவம்ப்பா நீ.”

வேண்டாம் என்றேன். செபத்தின் முதல் வரியே ஆண்டவரை அழைக்கிறது. அதற்கு முன்னே நின்றவன் நான்தான். எழுத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். கை நடுங்குகிற வேளையில் படிப்பார்கள்.

2 ஆகஸ்ட்

ஜாய்ஸ் பேசினாள். “பழைய எடத்துக்கு இன்னும் வரல. ஆனா ஏறுது. காலைல யாரோ தொறந்தாங்கப்பா. ரொம்ப நேரம் மூடல.”

யாரென்று கேட்டேன். அது தெரியாதாம்.

வாசித்தவரே, உமக்கும் உம் வீட்டார்க்கும் அமைதி உண்டாவதாக. நீர் பற்றியிருந்த கையை இனி ஆண்டவர் பற்றிக்கொள்வாராக.