கம்பில் ஒழுகிய தேன்

பிப். 7, சனி

பனி இன்னும் விடவில்லை. பசுவந்தனையிலிருந்து மாமனார் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார், கம்பு மூட்டையோடு. எப்போதும் மக்காச்சோளம் போடுகிறவர். இந்த வருஷம் பேத்தி ஜெனிக்காக ஒரு துண்டு நிலத்தில் கம்பு.

"பூக்கையில மழை பெஞ்சிட்டும்மா. கதிர்ல தேனா ஒழுகிச்சு. வெள்ளாமை இனிக்கும்னு நெனச்சுக்கிட்டேன்." ஒரே பெருமை.

வாங்க வேண்டியது: மோர் மிளகாய், சோப்பு. ஜெனி யூனிபார்முக்குப் பட்டன் தைக்க வேண்டும்.

பிப். 8, ஞாயிறு

டியூட்டி முடிந்து வந்தால் வீடே சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்காரருக்கு வாந்தி. மாமாவுக்குத் தலைசுற்றல். ஜெனி தூங்குகிறாள், எழுப்பினால் எழவில்லை. "ஏட்டி, ஏட்டி" என்று கன்னத்தில் தட்டினேன். கண் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. ஆறு வயசுப் பிள்ளை. பிரசவ வார்டு நர்ஸ் நான்; ஆட்டோவில் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சேசுவே.

மூவரும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. "நேத்து வாங்குன சால்னாதான்" என்று வீட்டுக்காரர் சாதிக்கிறார். ஜெனி சால்னாவைத் தொடவே இல்லை. மதியம் மூவரும் சாப்பிட்டது மாமா ஆக்கிய கம்பஞ்சோறு. எனக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம்.

பிப். 9, திங்கள்

ஜெனி விழித்தாள். முதல் பேச்சே, "பட்டன் தைச்சியாம்மா?" அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா கம்பைக் கொண்டுவரச் சொன்னார். உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் கொட்டினார். நல்ல மணி அடியில். கறுத்த, ஒடிசலான மணிகள் மேலே மிதந்தன.

"பூஞ்சணம், சிஸ்டர். கதிர்ல ஒழுகிச்சுன்னு பெரியவர் சொன்னாருல்லா, அந்தத் தேன்தான் இதுக்கு ஆரம்பம். மூட்டையோட குழிவெட்டிப் புதைச்சிருங்க."

"பேத்திக்குன்னு போட்டனே..." மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது.

பிறகு டாக்டரம்மா சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் நிக்கலன்னா ஒரு ஊசி போடுதீங்கல்லா? அதுவும் இதோட பங்காளிப் பூஞ்சணத்துல இருந்து வந்ததுதான்."

எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன்! தெரியாமலே. என் பிள்ளையைச் சாய்த்த அதே குடும்பம்.

பிப். 11, புதன்

நல்ல வெயில். மூவரும் வீடு வந்தாயிற்று. ஜெனி தாத்தா முதுகில் உப்புமூட்டை. மாமாவிடம் ஊசி விஷயத்தைச் சொன்னேன். ஜெனியை முதுகிலிருந்து இறக்கிவிட்டார். "அப்ப அது நல்லதாம்மா, கெட்டதா?" டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, கிளம்பினேன்.

மதியம் வார்டில் எட்டயபுரத்துப் பெண், தலைப்பிரசவம். பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை. முகம் வெளுத்துக் கண் சொருகியது. ஃப்ரிட்ஜிலிருந்து அந்த ஊசிமருந்து. குப்பியை உடைக்கும்போது, ஆண்டவரே, மிதந்த அந்தக் கறுப்பு மணிகள்தான் கண்ணில். போட்டேன். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். கைக்கு அடியில் கருப்பை கல்லாக இறுகியது. ரத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"பிள்ளைய எங்கக்கா?"