நிரோஜாவின் கையில் திறப்பு

டோர்ட்மண்ட், செவ்வாய் இரவு

நான் வேலை செய்யும் தோட்டக் கொம்பனிக்கு இன்று புதிய பிக்கப் வந்தது. ஓட்டோமேட்டிக். கியர் போட்டு ஓட்டும் பிக்கப் இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை என்றார் முதலாளி. எங்கள் குழுவில் கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் பழைய வண்டியைக் கிளப்பும் திறப்பு எப்போதும் என்னிடமே இருந்தது. இன்று புதிய வண்டியின் திறப்பை நிரோஜாவிடம் கொடுத்துவிட்டார். போன கோடையில் வேலைக்கு வந்தவள். ஓட்டோமேட்டிக் ஓட்ட மட்டும் லைசன்ஸ் எடுத்தவள்.

நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். மண் ஏற்றிய ட்ரெயிலரோடு ஒடுக்கமான வாசலுக்குள் பின்பக்கமாக எடுத்தாள். மதிலில் முட்டட்டும் என்று மனதுக்குள் வேண்டினேன். முட்டவில்லை.

வேலை முடிந்ததும் திறப்பை நீட்டினாள்.

"அண்ணை, போகேக்கை நீங்கள் ஓட்டுங்கோ."

"ஏலாது பிள்ளை. இடக்கால் நோகுது." பொய்தான்.

"இதுக்குக் கிளச் இல்லை, இடக்கால் தேவையில்லையே, அண்ணை."

கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன். வழி முழுவதும் நோகாத காலைத் தடவிக்கொண்டே வந்தேன். நாளைக்கும் கேட்பாள். கேட்காமல் விட்டுவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.