கட்டியவரே அவிழ்க்கட்டும்

அன்புள்ள நண்பருக்கு,

மாமல்லபுரம் கடற்கரையில் யாரோ ஈரக் கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மீனும் உப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் அலையோசை மெல்ல விலகியது. செங்கல்பட்டில் நாம் சேர்ந்து பணிபுரிந்த அவசர சிகிச்சைப் பிரிவு கண்முன் விரிந்தது.

அது 1999, மாசி மாதத்துக் காலை. பங்குனி என்று கடைசிவரை சாதித்தீர்கள், மாசிதான். கடப்பாக்கத்திலிருந்து, மனம் கலங்கி வெறிகொண்டிருந்த ஒரு மீனவரை அவருடைய தம்பி வலைக்கயிற்றால் கட்டிக்கொண்டுவந்தார். கட்டியிருந்தும் அருகில் வந்தவரையெல்லாம் அவர் உதைத்தார்.

"சீக்கிரம் எதனா ஊசி போடு சார். அண்ணாத்த பேஜாரு பண்ணிகினு கீது."

உடனே உறங்கவைக்கும் மிடசோலாமைப் போடலாம் என்றேன் நான். நீங்கள் குனிந்து அவர் வாயருகே முகர்ந்தீர்கள்.

"குடிச்சிருக்காரு சார். அதப் போட்டா மூச்சும் சேர்ந்து தூங்கிடும்."

மூச்சை அவ்வளவாக அடக்காமல் வெறியைத் தணிக்கும் ஹாலோபெரிடாலையும் புரோமெத்தசினையும் தேர்ந்தெடுத்தீர்கள். அவை வேலைசெய்யச் சற்று நேரமாகும். அதற்குள் அவர் யாரையாவது காயப்படுத்திவிடுவாரோ என்பது என் அச்சம். மூச்சு அடங்கிவிடக்கூடாதே என்பது உங்களுடையது. தேநீர் ஆறும்வரை எத்தனை நாள் இதை வாதிட்டிருப்போம்! எந்த ஊசி விரைவில் உறங்கவைக்கும் என்று நான் கேட்பேன். எந்த ஊசி போட்டுக்கொண்டவர் நாம் கூப்பிட்டால் கண் திறப்பார் என்று நீங்கள் கேட்பீர்கள்.

கட்டை அவிழ்ப்பதிலும் உங்களுக்கொரு வழக்கம் உண்டு. ஊழியர்கள் தொடக்கூடாது, கட்டியவரே அவிழ்க்க வேண்டும்.

"அவுத்தா அடிக்கும் சார்" என்று தம்பி பின்வாங்கினார்.

"அடிச்சா நான் வாங்கிக்கிறேன்யா. உன் கைதான் அவருக்குப் பழக்கம்."

ஊசி வேலைசெய்யத் தொடங்கியதும் கட்டிலின் குலுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவர் மார்பிலிருந்து நீங்கள் பார்வையை எடுக்கவேயில்லை. தம்பியின் விரல்களில் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. கன்றிச் சிவந்த மணிக்கட்டைத் தம்பி நீவிக்கொண்டிருந்தபோது, நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அவர் கண் திறந்தார். ஆனால் பேசியது தம்பியிடம்.

"இன்னாடா, நாஸ்தா துன்னியா?"

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எந்த ஊசி சிறந்தது என்று இளைய மருத்துவர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். முதலில் நோயாளியின் அருகே குனியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஒன்று இன்னும் போகவில்லை. மதுராந்தகம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணயர்ந்தால், அவர் மார்பு ஏறி இறங்குவதை என் கண்கள் தாமாகவே கவனிக்கத் தொடங்கிவிடுகின்றன. நான் இறங்கவேண்டிய இடம் வந்தபின்னும், இன்னும் ஒரு மூச்சு பார்த்துவிட்டு எழலாமே என்று அமர்ந்திருக்கிறேன்.